வெளிநாட்டு அடுப்பில எங்கட பிட்டு: கேள்வி பதில்

லண்டனில பத்தொன்பது வருசம் சமைச்சுப்போட்டு இப்ப உப்புவெளியில இருக்கிறன். திருகோணமலையில இருந்து புதுசாப் போன பிள்ளையள் கேட்டதுகளுக்குப் பதில் இது.

அக்கா, லண்டனில தேத்தண்ணிக்கு மேல ஏடு மிதக்குது. தேயிலை பழசோ?

தேயிலையில பிழையில்லை, தண்ணியிலதான். லண்டன் தண்ணி சுண்ணாம்பு நிலத்தால வாறது, கல்சியம் கூட. அது சாயத்தோட சேர்ந்துதான் ஏடு கட்டுது. கேத்தில் அடியில வெள்ளையாப் படியிறதும் அதுதான். வடிகட்டின தண்ணியில போடுங்கோ. பிளேன்டீ எண்டால் நாலு துளி தேசிக்காய்ப்புளி காணும். இது தெரியாமல், ஊரில இருந்து கொண்டுபோன தேயிலையை முதல் மாதமே கொட்டினன். இப்பவும் மனம் ஆறேல்லை.

இன்னொண்டு: சாப்பிட்ட கையோட தேத்தண்ணி வேண்டாம். கீரை, பருப்பில இருக்கிற இரும்புச்சத்தை அது உடம்பில சரியாச் சேர விடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்கோ.

கனடாவில, ஸ்காபரோவில கோதுமை மா வாங்கிப் பிட்டு அவிச்சன், களியாப் போச்சு.

தம்பி, பையில ஆட்டா எண்டு எழுதியிருக்குதோ பாருங்கோ. ஊரில நாங்கள் கோதுமை மா எண்டுறது தவிடு நீக்கின வெள்ளை மா. அங்க அதுக்குப் பேர் ஆல் பர்ப்பஸ். லண்டனில பிளெயின் ஃபிளவர். செல்ஃப் ரெய்சிங் எண்டதைத் தொடாதேங்கோ, அதில பேக்கிங் பவுடர் கலந்திருக்கு.

மாவைத் துணியில தளர்வாக் கட்டி முக்கால் மணித்தியாலம் ஆவியில அவியுங்கோ. சூட்டில மாவின்ர இழுவை அடங்கும். கல்லு மாதிரித்தான் வரும், பயப்பட வேண்டாம். சூடு ஆற முதல் உடைச்சு அரிக்க வேணும், ஆறினால் உடையாது. பிறகு உப்புத்தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, பேணி விளிம்பால மணிமணியாக் கொத்துங்கோ.

ஆட்டாவிலதானே அக்கா சத்து? வெள்ளை மாவை ஏன் சொல்லுறியள்?

சத்து எண்டது சரி. ஆனா ஆட்டா கூடத் தண்ணி இழுக்கும், பிட்டு உதிராது. ரொட்டி சுடுங்கோ. சத்துள்ள பிட்டு வேணுமெண்டால் வறுத்த சிவப்பரிசி மா இருக்கு.

பாதிக்குப் பாதி கலந்தால்? (இதையே மூண்டு பேர் கேட்டிட்டினம்.)

கலந்தும் பாத்திட்டன். உதிரேல்லை. இதோட விடுவம்.

டொரொண்டோவில பைப் தண்ணி குடிக்கலாமோ?

ஓம். பச்சைத்தண்ணிக் குழாயில மட்டும் பிடியுங்கோ. சுடுதண்ணிக் குழாயில பிடிச்சுச் சமைக்கக்கூடாது, பழைய குழாயில இருக்கிற ஈயம் சூட்டில கூடக் கரையும்.

லண்டனில?

அதேதான்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். அங்க வந்தால் குளிசையைக் குறைக்கலாமோ?

டொக்டரைக் கேளுங்கோ, பிள்ளை. என்னை இல்லை.

ரின் தேங்காய்ப்பாலில சொதி திரையுது.

தண்ணி விட்டுக் கரைச்சு, கடைசியா விடுங்கோ. கொதிக்க விடாதேங்கோ. அடுப்பால இறக்கித்தான் புளி. உறையவைச்ச தேங்காய்ப்பூ கிடைச்சால் இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுப் பிழியுங்கோ, ஊர்ச் சொதிக்குக் கிட்ட வரும்.

குளிருக்குத் தோசை மா புளிக்குதில்லை.

அவணை மூட்டாமல் உள்ளுக்க லைற்றை மட்டும் போட்டு, ராவைக்கு மாவை வையுங்கோ. பாதிச் சட்டிதான், பொங்கும். காலமை தோசை சாப்பிட்ட கையோட தேத்தண்ணி வேண்டாம்.