'கிரீன் பில்டிங்' பிளாட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: சென்னை மேடவாக்கம் பக்கம் 1,050 சதுர அடியில் ஒரு பிளாட் பார்த்திருக்கிறோம். கட்டிட வேலை இன்னும் முடியவில்லை. 'கோல்டு தரச்சான்று பெற்ற கிரீன் பில்டிங்' என்று சொல்லி, சதுர அடிக்கு 400 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கணக்குப் போட்டால் 4,20,000 ரூபாய் வருகிறது. சின்னத் தொகை இல்லை. கிரீன் பில்டிங் என்றால் மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்படி கட்டும் பசுமைக் கட்டிடம். முதலில் அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடியாத கட்டிடத்துக்கு இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்சில் தருவது முன்சான்றுதான். வரைபடத்தையும் திட்டத்தையும் பார்த்துத் தருவது அது. கட்டி முடித்த பிறகு, சொன்னபடி செய்திருக்கிறார்களா என்று சரிபார்த்துத்தான் இறுதிச் சான்று வரும். பல விளம்பரங்களில் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

அப்புறம், ஒவ்வொரு வசதிக்கும் புள்ளி போட்டு, அதைக் கூட்டித்தான் கோல்டு போன்ற தரம் தருகிறார்கள். எதற்கு எத்தனை புள்ளி என்ற பட்டியலையும் கேளுங்கள். பக்கத்தில் பஸ் வசதி இருப்பதற்கும் புள்ளி உண்டு. நல்ல விஷயம்தான், ஆனால் அது உங்கள் கரண்ட் பில்லைக் குறைக்காது. மழைநீர் சேகரிப்பைப் பெரிதாகச் சொன்னால் மயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் அது எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம்.

சென்னையில் எனக்கு முக்கியமாகப் படுவது வெயில். வரைபடத்தில் மேற்குச் சுவர் எந்த அறைக்கு வருகிறது என்று பாருங்கள். படுக்கையறை என்றால், பகலெல்லாம் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் ராத்திரியில் உள்ளே விடும், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதே பில்டர் முன்பு கட்டிய குடியிருப்புக்கு மே மாதம் சாயங்காலம் 5 மணிக்குப் போய், மேற்குச் சுவரின் உள்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஏஏசி பிளாக்கில் (உள்ளே காற்றுத் துளைகள் கொண்ட, லேசான கான்கிரீட் கல்) கட்டி, ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேடு வைத்திருந்தால் சூடு குறைவாகவே இருக்கும். எதிரெதிரே ஜன்னல் திறந்து காற்று ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். மேல் மாடி பிளாட் என்றால் மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் உண்டா என்று கேளுங்கள்.

பில்டர் முன்பு கட்டிய அதே குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் பாருங்கள். ஓடுகிறதா, நின்று கிடக்கிறதா? பிளஷ் டேங்குக்கு அங்கே சுத்திகரித்த தண்ணீர் தனிக் குழாயில் வர வேண்டும். இந்த இரட்டைக் குழாயைக் கட்டும்போதே போடாவிட்டால், பிறகு சுவரை உடைத்துத்தான் போட முடியும். கோடையில் லாரித் தண்ணீர் எத்தனை வாங்குகிறார்கள் என்று அங்கே குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள்.

சோலார் பேனல் மட்டும்தான் குறை என்றால் அதற்காக வீட்டை விட்டுவிட வேண்டாம். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்காகக் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம் திருப்தியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வெயிலும் தண்ணீரும் சரியாகப் பார்க்கப்பட்ட வீடு அந்த விலைக்குத் தகும். ஆனால் இறுதிச் சான்று எந்தத் தரத்தில், எப்போதைக்குள் வரும், வராவிட்டால் கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தருவார்களா என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விளம்பர நோட்டீசையும் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால், 2016 ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 12-வது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம்.