வாக்கெடுப்பும் வேவ் ஹில் நிலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியப் பழங்குடியினரைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1967-ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்து அவர்களுக்கு வாக்குரிமை வழங்கிவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அதன் பிறகும் அவர்களில் ஒரு பிரிவினரான குரிண்ஜி மக்கள் 1975 வரை ஏன் போராட வேண்டியிருந்தது? அது கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தம்தானே?

ச., கோவை

அன்புள்ள ச.,

கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு 1962-லேயே சட்டமாகிவிட்டது. 1967 மே 27 அன்று மக்கள் ஒப்புதல் அளித்தது வேறு இரண்டுக்கு. மாநிலங்களில் வாழும் பழங்குடியினருக்காகவும் மத்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்பது ஒன்று. நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. சொந்த மண்ணில் தலைக்கணக்கில்கூட வராதிருந்த மக்களுக்கு அது பெரிய செய்திதான். ஆனால், நிலத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குரிண்ஜி மக்கள் வாழும் வட பிரதேசம் மத்திய அரசின் நேரடி ஆட்சியில் இருந்ததால், அங்கே நிலத்தைத் திருப்பித் தர அரசுக்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. அப்பிரதேசவாசிகளுக்கு அரசியலமைப்பு வாக்கெடுப்புகளில் பங்கேற்கும் உரிமையும் 1977 வரை கிடையாது. ஆகவே தங்களைப் பற்றிய அந்தக் கேள்விக்குக் குரிண்ஜி மக்களால் வாக்களிக்கவே முடியவில்லை.

கூலிப் பிரச்சினை இருந்தது உண்மை. பிரிட்டனின் வெஸ்டி நிறுவனம் நடத்திய வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில், மண்டியிட்டுத் தவழ்ந்தே நுழையக்கூடிய குடிசைகளில் தாங்கள் வாழ்ந்ததையும், மாவு, தேயிலை, சர்க்கரையோடு மாட்டின் தலையோ காலோ உணவாகக் கிடைத்ததையும் அந்தத் தொழிலாளர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1966 மார்ச்சில் சம கூலிக்கு ஒப்புக்கொண்ட நடுவர் ஆணையம், பண்ணையாளர்களின் வசதிக்காக அதை 1968 டிசம்பர் வரை தள்ளிவைத்தது. அதே 1966 ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் ஏறத்தாழ 200 பேர், மாடு மேய்த்த ஆண்களும் வீட்டு வேலை செய்த பெண்களும் குழந்தைகளுமாக, பண்ணையை விட்டு வெளியேறினார்கள். கூடுதல் கூலி தருவதாகச் சொல்லி அழைத்தபோதும் அவர்கள் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு தகுராகு என்னும் இடத்தில் குடியேறி, தங்கள் மூதாதையரின் நிலத்தில் ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீட்டரைத் திருப்பித் தருமாறு கவர்னர் ஜெனரலுக்கு ஏப்ரலில் மனு அனுப்பினார்கள். நாடே திரண்டு ஆதரவு தெரிவித்த அந்த வாக்கெடுப்பு முடிந்த மறுமாதமே, ஜூனில், அம்மனு நிராகரிக்கப்பட்டது. உங்கள் கேள்விக்கான விடை இந்த இரண்டு மாதங்களுக்குள் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் 1975-உம் முடிவன்று. அந்த ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் விட்லம் லிங்கியாரியின் கையில் மண்ணை அள்ளி வைத்து வழங்கியது குத்தகைப் பத்திரம்தான். தகுராகுவின் முழு உரிமைப் பட்டா 1986-இல் கிடைத்தது. லிங்கியாரி 1988-இல் காலமானார். வேவ் ஹில் பண்ணை நிலத்தின் மீது அம்மக்களுக்குள்ள பூர்வீக உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது 2020-இல்தான்.