இங்கிலீஷ் தெரியாத அப்பத்தா பேரனுக்கு என்ன சொல்லித்தர முடியும்?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். மகனும் மருமகளும் காரைக்குடிக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான்கு வயதுப் பேரன் மத்தியானம் பள்ளி விட்டு வந்தால் இரவு வரை அவரிடம்தான் இருக்கிறான். தனக்கு இங்கிலீஷ் தெரியாததால் பேரன் படிப்பில் பின்தங்கிவிடுவானோ என்று அவருக்குக் கவலை.

ஆச்சி, முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இப்போது கானாடுகாத்தானில் மகள் வயிற்றுப் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு இங்கிலீஷைவிட அவசரமாக வேண்டியது, அது சொல்வதைக் கடைசிவரை கேட்டுப் பதில் பேச ஓர் ஆள். வீட்டு மொழியில் நிறையப் பேசி, நிறையச் சொற்களோடு வளரும் பிள்ளைக்கு இன்னொரு மொழி பின்னால் வந்து சேர்ந்துவிடும். 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் 3 வயது முதல் 8 வயது வரையான பருவத்தில் விளையாட்டின் வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் 6 வயதுக்குள் நடந்துவிடுவதாகவும் அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோய்ப் பிள்ளையைச் சிலேட்டோடு உட்கார வைக்கும் பெரியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அது வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு பல்லாங்குழி கிடக்கும். அதை இறக்கித் துடைத்து வையுங்கள். 14 குழி, பெரியவர்கள் ஆடினால் குழிக்கு 5 காய் போடுவோம். பேரனுக்கு 3 போதும். அள்ளிய காயைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதில் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு கைக்குப் பழகிவிடுகிறது. இந்தக் கணக்கு பழகாமல் ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டையை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள், தடுமாறும். அடுத்து வருவது பசு. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். என் பேத்தி தொடக்கத்தில் ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சில மாதத்தில் எண்ணுவதே நின்றுவிட்டது. மூன்று காய் கிடக்கும் குழியை எட்டத்திலிருந்தே பார்த்து, "ஆயா, அதில் இன்னும் ஒன்று விழுந்தால் பசு" என்கிறாள். எண்ணாமலே அளவைக் கண்ணால் பிடிப்பதும், மூன்றோடு ஒன்று சேர்ந்தால் நான்கு என்பதும் அவளுக்கு அங்கேதான் வந்தன. நான் கூட்டல் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

ஆடும்போது பெரியவர்கள் செய்ய வேண்டிய கடினமான வேலை ஒன்று இருக்கிறது: சும்மா இருப்பது. பிள்ளை காயைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் குழியில் தொடங்கலாம் என்று யோசிக்கும். நமக்கு விடை தெரியும், நாக்கு துறுதுறுக்கும். சொல்லிவிட்டால் அந்த யோசனை அதோடு போய்விடும். வேலைக்கு ஓடும் பெற்றோருக்கு அத்தனை நேரம் காத்திருக்க முடியாது. நம்மால் முடியும். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கிற பெரிய சொத்து இதுதான் என்று நான் நம்புகிறேன். தப்பாகப் போட்டாலும் உடனே திருத்தாதீர்கள். "அங்கே ஏன் போட்டாய்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தொடங்கும்போது பல நேரம் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கையை மறக்க வேண்டாம். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால், புளியங்கொட்டையும் சோழியும் அதன் கைக்கு எட்டவே கூடாது. வாயில் போட்டால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி டப்பாவில் போட்டு மூடச் சொல்லுங்கள், அதுவும் ஒரு கணக்குத்தான்.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு வசதியும் உண்டு, பூப்போட்ட வண்ண ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. சிவப்புப் பூ இருக்கும் கல்லில் மட்டும் கால் வைத்து வாசல் முகப்பிலிருந்து வளவு வரை, அதாவது உள்முற்றம் வரை, வரச் சொல்லுங்கள். பாதி வழியில் "இனிமேல் பச்சை" என்று விதியை மாற்றுங்கள். தூக்கிய காலை நிறுத்தி, யோசித்து, வேறு கல்லில் வைக்க வேண்டும். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளவும், சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளவும் இதைவிட நல்ல பயிற்சியை நான் அங்கன்வாடியிலும் கண்டதில்லை. தரை ஈரமாக இருந்தால் வழுக்கும், அப்போது வேண்டாம். உங்களுக்கு முழங்கால் வலி என்றால் திண்ணையில் உட்கார்ந்தபடியே நிறத்தைச் சொன்னால் போதும், ஓடுவது அவன்தானே.

ஓட்டம் உண்மையிலேயே அவசியம். 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்றும், திரை பார்ப்பது 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. சாப்பாடு ஊட்டக் கைப்பேசியைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் கதை சொல்லுங்கள். தெரிந்த கதையையே சொல்லி, நடுவில் வேண்டுமென்றே மாற்றுங்கள்; வடையை நரி தூக்கிக்கொண்டு பறந்தது என்று சொன்னால் பேரன் சும்மா விடமாட்டான்.

எழுத்து எப்போது என்று கேட்பீர்கள். பென்சிலுக்கு முன்னால் விரல் பலப்பட வேண்டும். சீப்புச் சீடை சுடும் நாளில், பட்டையாகப் பிழிந்து துண்டுபோட்ட மாவில் கொஞ்சம் அவனிடம் கொடுங்கள். விரலில் சுற்றி இரு முனையையும் அழுத்தி ஒட்டட்டும். கோணலாக வந்தாலும் அவன் செய்ததை அவனுக்கே தனியாகச் சுட்டுக் கொடுங்கள், எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் விடாதீர்கள். கோலமாவை இரண்டு விரலால் கிள்ளி இழுப்பதும் இதே வேலைதான். ஆண்பிள்ளைக்குக் கோலம் எதற்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அரிசி அளக்கும்போது ஆழாக்கை அவன் கையில் கொடுத்தால், 8 ஆழாக்கு ஒரு படி என்பதைத் தானே கண்டுபிடிப்பான்.

மருமகள் மாலையில் வந்ததும் "எழுத்து வேலை செய்தானா?" என்று கேட்டால் மனம் வருந்த வேண்டாம், அவருக்கும் பள்ளியிலிருந்து நெருக்கடி இருக்கும். இன்று எதை யோசித்தான், புதிதாக என்ன சொல் சொன்னான் என்று ஒன்றிரண்டு விஷயம் சொல்லுங்கள். விடுமுறை நாளில் அவரையும் பல்லாங்குழிக்கு எதிரே உட்கார வையுங்கள். எழுத்து வேலையை அவரும் மகனும் பார்த்துக்கொள்ளட்டும். அதற்காக உங்கள் விளையாட்டு நேரத்தை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள், ஆச்சி.