புள்ளி மட்டும்தானா?

கேள்வி: ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் என்றாலே புள்ளிகள்தானா? அவர்களில் மாற்றுத்திறனாளி ஓவியர்கள் உண்டா?

பதில்: புள்ளி ஒரு வகைதான். எனக்குப் பிடித்தவர் பில்லி பென் பெருர்லே. அல்யாவர் என்ற பழங்குடி இனத்தவர், மனநோயோடு வாழ்ந்தவர். நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கான தகரப் பட்டறையில் வேலை. அங்கே மிஞ்சிக் கிடந்த மரத்துண்டுகளில்தான் வரைய ஆரம்பித்தார். எல்லாம் அவருடைய சொந்த மண்ணின் மலைகள். நேரில் பார்த்தல்ல, நினைவிலிருந்து! ஊதாவும் இளஞ்சிவப்புமாய்த் தடித்த தீற்றல்கள். பழங்குடியினருக்கு மண்தான் முன்னோர் கதை. மலையை வரைந்தால் கதையும் வந்துவிடும். அப்புறம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே மாற்றுத்திறனாளிப் பழங்குடி ஓவியர்களுக்கென்று ஒரு கலைக்கூடம் உருவானது. பென் 2012-இல் மறைந்தார். அதே கூடத்தில் தன் தாயின் மண்ணை வரையும் ஏட்ரியன் ராபர்ட்சன் 2020-இல் 'ஆலிஸ் பிரைஸ்' வென்றார். சலுகைப் பரிசு இல்லை, எல்லா ஓவியர்களும் மோதும் போட்டி அது.