ஐரோப்பாவில் ரயில் பயணம்: பாஸ் வாங்கலாமா, கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது, திருச்சியில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு மேலாளர். மனைவிக்கு 50, பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து கைக்கு வரும் சம்பளம் மாதம் 1.35 லட்சம். மகன் வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கடன் இன்னும் 11 லட்சம் பாக்கி, இஎம்ஐ 24,000. ஆறு லட்ச ரூபாய் எஃப்டி ஒன்று அடுத்த ஆகஸ்டில் முதிர்கிறது. அவசரத் தேவைக்கென்று 4 லட்சம் தனியாக இருக்கிறது. திருமணமாகி 25 ஆண்டு ஆவதை ஒட்டி, அடுத்த ஆண்டு மே 15-க்கு மேல், மனைவியின் பள்ளி விடுமுறையில், ஐரோப்பாவை ரயிலில் சுற்ற ஆசை. ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சுவிட்சர்லாந்தின் லூசர்ன், வெனிஸ், ரோம் என்று திட்டம், 17 இரவுகள். டுலிப் தோட்டம் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். தெரிந்த ஏஜென்ட், முதல் வகுப்பு யூரெயில் பாஸ் வாங்கினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்கிறார். அவரிடமே 11 இரவு குழுச் சுற்றுலா பேக்கேஜும் இருக்கிறது, தலைக்கு 3.4 லட்சம். பாஸ் வாங்கலாமா? எஃப்டியை உடைக்காமல் 3 லட்சம் பெர்சனல் லோன் எடுக்கலாமா? அலுவலக எல்டிஏ-வை (விடுப்புப் பயணப் படி) இதற்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். எல்டிஏ வரிவிலக்கு இந்தியாவுக்குள் செய்யும் பயணத்துக்கு மட்டும்தான். வெளிநாட்டுப் பயண பில்லைக் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். அதை மறந்துவிடுங்கள்.

இப்போது பாஸ். யூரெயில் என்பது ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கான பாஸ், 33 நாடுகளில் செல்லும். உங்கள் திட்டத்தில் நீண்ட பயண நாள்கள் நான்குதான்: ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து பாசல் வழியாக லூசர்ன், லூசர்னிலிருந்து மிலான் வழியாக வெனிஸ், வெனிஸிலிருந்து ரோம். ஒரு மாதத்துக்குள் நான்கு நாள் பயணிக்கும் பாஸ் இரண்டாம் வகுப்பிலேயே தலைக்குச் சுமார் 280 யூரோ. முதல் வகுப்பு என்றால் இன்னும் கால் பங்குக்கு மேல் கூடும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. நீங்கள் போகும் வழியில் யூரோஸ்டார், பாரிஸ்-பாசல் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா என்று எல்லாமே சீட் முன்பதிவு கட்டாயமான அதிவேக ரயில்கள். பாஸ் வைத்திருந்தாலும் முன்பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், நான்கு நாளுக்கும் சேர்த்து தலைக்கு 90 யூரோ அளவில் வரும். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் சீட்டுகளும் அளவானவை, மே மாதத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆக 370 யூரோ. இதே ரயில்களுக்கு மூன்று மாதம் முன்பாகத் தனித்தனி டிக்கெட் எடுத்தால், தலைக்கு 190 யூரோவுக்குள் முடிக்கப் பார்க்கலாம். உங்கள் வழிக்கு பாஸ் வேண்டாம்.

பாஸே வீண் என்று சொல்லவில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று முன்பதிவு இல்லாமலே பெரும்பாலான ரயில்களில் ஏறலாம் என்ற நாடுகளில், காலையில் எழுந்து வானிலையைப் பார்த்து எங்கே போவது என்று முடிவு செய்பவர்களுக்கு அது நல்ல பொருள். நீங்கள் ஹோட்டல் தேதியெல்லாம் குறித்து வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தச் சுதந்திரம் தேவைப்படாது, தேவைப்படாததற்கு எதற்குப் பணம்?

முதல் வகுப்பும் வேண்டாம். இரண்டாம் வகுப்பு என்றதும் நம்மூர் நினைவில் பயப்பட வேண்டியதில்லை, வந்தே பாரத் சேர் கார் மாதிரிதான் இருக்கும். இத்தாலியில் சில சமயம் முன்கூட்டி எடுத்தால் முதல் வகுப்பு பத்துப் பன்னிரண்டு யூரோதான் கூடுதலாக இருக்கும். அப்படிக் கிடைத்தால் வெனிஸ்-ரோம் நான்கு மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஆனால் உங்கள் செலவைத் தீர்மானிப்பது ரயில் அல்ல. யூரோவை 105 ரூபாய் என்று வைத்துப் போட்ட கணக்கைப் பாருங்கள். அறை வாடகை, இரண்டு பேருக்கு: ஆம்ஸ்டர்டாம் மூன்று இரவு 150 வீதம், பாரிஸ் நான்கு இரவு 130 வீதம், லூசர்ன் நான்கு இரவு 160 வீதம், வெனிஸ் இரண்டு இரவு 90 வீதம், ரோம் நான்கு இரவு 110 வீதம். மொத்தம் 2,230 யூரோ, அதாவது 2.34 லட்சம். சாப்பாடும் ஊருக்குள் மெட்ரோ, பஸ்ஸும் நாளுக்கு 70 யூரோ, 18 நாளைக்கு 1.32 லட்சம். விமானம் இருவருக்கும் ஒன்றரை லட்சம். விசா, சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் 30,000. நுழைவுச் சீட்டுகள் 31,500. நீண்ட தூர ரயில்கள் இருவருக்கும் 380 யூரோ, சுமார் 40,000. சுவிஸ் உள்ளூர் ரயில், மலை ரயில் 600 யூரோ, 63,000. கூட்டினால் 6.8 லட்சம்.

தலைக்கு 3.4 லட்சம். ஏஜென்ட் சொன்ன அதே தொகை! தனியாகப் போனால் பாதிச் செலவில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் திட்டம் போடுபவர்கள் நிறைய. அப்படி முடியாது. அதே பணத்துக்கு 11 இரவுக்குப் பதில் 17 இரவு கிடைக்கிறது, காலை ஆறரைக்கு லக்கேஜை வாசலில் வைக்கச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அதுவே பெரிய வித்தியாசம்தான். பேக்கேஜ் பக்கம் மனம் சாய்ந்தால், அந்த 3.4 லட்சத்தில் ஜிஎஸ்டி, டிசிஎஸ் (பணம் கட்டும்போதே பிடிக்கும் வரி), விசா, டிப்ஸ், மதிய உணவு எதெல்லாம் அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். பேக்கேஜுக்கு டிசிஎஸ் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள், விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. நீங்களே ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றினால், 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணுக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் கிடையாது. பிடித்தாலும் அது தொலைந்த பணமில்லை, ரிட்டர்னில் வரியோடு கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

இந்த 6.8 லட்சத்தைக் குறைக்க முடியுமா என்றால், ஒரு ஊரைக் குறைத்தால் முடியும். எந்த ஊர் என்பதற்கு உங்கள் கடிதமே பதில் சொல்கிறது. ஆம்ஸ்டர்டாம் பக்கத்திலுள்ள கோய்கன்ஹாஃப் டுலிப் தோட்டம் மார்ச் மூன்றாவது வாரம் வாக்கில் திறந்து, மே இரண்டாம் வாரத்துக்குள் மூடிவிடும். நீங்கள் மே 15-க்கு மேல் போகிறீர்கள், பூ இருக்காது. மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டு, ஆம்ஸ்டர்டாம் இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். அந்த ஊரில் அறை வாடகை மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வேறு. மூன்று இரவு அறை, சாப்பாடு, பாரிஸுக்கு ரயில் எல்லாம் சேர்த்து 770 யூரோ மிச்சம், சுமார் 81,000 ரூபாய். பாரிஸில் இறங்கி ரோமில் விமானம் ஏறுங்கள். ஏறிய ஊருக்கே திரும்பி வர ஒரு நாளும் ஒரு டிக்கெட்டும் செலவழிக்க வேண்டியதில்லை. மொத்தம் 6 லட்சத்துக்கு வந்துவிடும். 50,000 கையிருப்பு சேர்த்து ஆறரை லட்சம் என்று இலக்கு வையுங்கள்.

சுவிட்சர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கே நாள், ஆனால் அங்கே உள்ளூரில் சுற்றும் செலவு மீதிப் பயணத்தின் மொத்த ரயில் செலவைவிட அதிகம். சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு மாத ஹாஃப் ஃபேர் கார்டு விற்கிறார்கள். ரயில், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாம் பாதி விலை. ரிகி மலை ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் கார்டு விலையே திரும்ப வராது. ரிகி, டிட்லிஸ் மலைகள் இரண்டுக்கும் போனால் ஏறக்குறைய சரிக்குச் சரி. மலை ரயில் ஏறி யுங்ஃப்ராவ்யோக் போவதாக இருந்தால் கட்டாயம் வாங்குங்கள், அதன் முழுக் கட்டணம் மட்டுமே 200 பிராங்குக்கு மேல். ஓட்டலில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் தலைக்கு 25, 30 பிராங்க் போய்விடும். கூப், மீக்ரோஸ் கடைகளில் ரொட்டி, தயிர், பழம் வாங்கி ஏரிக்கரையில் சாப்பிடுங்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் கஞ்சத்தனம் என்று நினைக்க மாட்டார்கள்.

வெனிஸில் தங்குவதற்குப் பதில் மெஸ்ட்ரே ஸ்டேஷன் அருகில் தங்கச் சொல்லித்தான் 90 யூரோ போட்டிருக்கிறேன். அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் பத்தே நிமிடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பாலங்களில் ஏறி இறங்கும் வேலையும் மிச்சம். ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு நகர வரி தலைக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ. புக்கிங் விலையில் பெரும்பாலும் சேராது, ஹோட்டலில்தான் கேட்பார்கள். லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ.

சரி, பணம் எங்கிருந்து?

பெர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். 3 லட்சத்தை 13 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை 14,260 ரூபாய், வட்டி மட்டும் 42,000-க்கு மேல். ஊருக்கு வந்து ஃபோட்டோவெல்லாம் காட்டி முடித்த பிறகும் ஒன்றரை வருடத்துக்கு மேல் தவணை ஓடும். உங்கள் எஃப்டி முதிர்வது ஆகஸ்டில், பயணம் மே மாதம். நடுவில் மூன்று மாதம்தான். அதே வங்கியில் எஃப்டி மேல் கடன் கேளுங்கள், வழக்கமாக எஃப்டி வட்டியைவிட ஒரு சதவீதம் போலத்தான் கூடுதல். 8 சதவீதம் என்றே வைத்தாலும் 3 லட்சத்துக்கு மூன்று மாத வட்டி 6,000. ஆகஸ்டில் எஃப்டி முதிர்ந்ததும் அந்த 3 லட்சம் கடனை அடைத்து, மீதி 3 லட்சத்தைத் திரும்ப டெபாசிட் செய்துவிடுங்கள்.

பாக்கி மூன்றரை லட்சத்துக்கு இன்றே ஆர்டி தொடங்குங்கள். பயணத்துக்குப் பத்து மாதம் இருக்கிறது, மாதம் 35,000. இஎம்ஐ போக உங்களிடம் 1.11 லட்சம் நிற்கிறது, மகனும் சம்பாதிக்கிறான், முடியும். மூன்றாவது மாதமே 35,000 கட்ட மூச்சு முட்டினால், பயணத்தை ஓராண்டு தள்ளிப் போடுங்கள். ஆல்ப்ஸ் எங்கேயும் போய்விடாது. அவசரத்துக்கு வைத்திருக்கும் 4 லட்சத்தையும் பிஎஃப் பணத்தையும் தொடாதீர்கள். நீங்கள் ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள்தான், வீட்டுக்கடன் வேறு நிற்கிறது.

எதற்கு முதலில் பணம் கட்டுவது என்ற வரிசையில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். மலிவான ரயில் டிக்கெட்டுகளில் பலவற்றை ரத்து செய்தால் பணம் வராது. விசா கைக்கு வருவதற்கு முன் அவற்றை வாங்கிவிட்டு, விசா மறுக்கப்பட்டால் எல்லாம் போச்சு. இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதனால் டிசம்பரில், கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளைப் போட்டு, ஜனவரியில் சென்னையில் விசாவுக்குக் கொடுங்கள். புதிய திட்டப்படி அதிக இரவுகள் இத்தாலியில், ஆறு. அதனால் இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், முதலில் இறங்குவது பாரிஸ் என்பதற்காக பிரான்ஸுக்குக் கொடுக்காதீர்கள். கட்டணம் தலைக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை போடுவதைத் தவிருங்கள், சந்தேகம்தான் வரும். சம்பளம் வரும் கணக்கும், வருமான வரி ரிட்டர்னும், எஃப்டி ரசீதும் உங்களுக்கு நல்ல சாட்சிகள். விசா ஒட்டின பாஸ்போர்ட் வந்த அன்றே உட்கார்ந்து ரயில் டிக்கெட்டுகளை எடுங்கள், பிப்ரவரியில் என்றாலும் நல்ல விலை கிடைக்கும்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. உங்கள் வயதுக்கு அதைவிடப் பெரிய தொகைக்கே எடுங்கள், பிரீமியத்தில் சில நூறு ரூபாய்தான் கூடும். சர்க்கரை, பிபி இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

யூரோவை ஒரே நாளில் வாங்காதீர்கள். 2025 தொடக்கத்தில் 90 ரூபாய்க்கும் கீழே இருந்த யூரோ, அந்த ஆண்டு முடிவதற்குள் 105-ஐத் தொட்டது. 4,000 யூரோ செலவழிப்பவருக்கு அது 60,000 ரூபாய் வித்தியாசம். ஏறுமா இறங்குமா என்று ஜோசியம் பார்ப்பதைவிட, விசா வந்த பிறகு மூன்று தவணையாகக் கார்டில் ஏற்றுவது நிம்மதி. பிராங்கையும் தனியாக ஏற்றக்கூடிய கார்டாகப் பாருங்கள், யூரோ மட்டும் இருந்தால் சுவிஸில் ஒவ்வொரு தேய்ப்புக்கும் மாற்றுக் கட்டணம் போகும். கிரெடிட் கார்டு ஒன்று அவசரத்துக்கு இருக்கட்டும். பெரும்பாலான வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் மார்க்அப்பும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் எடுக்கும். கடையில் மெஷினை நீட்டும்போது சில இடங்களில் திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று யூரோவில், இன்னொன்று ரூபாயில். ரூபாய் கண்ணுக்குப் பழகியது என்பதால் கை அங்கேதான் போகும், அதில் மாற்று விகிதம் படுமோசமாக இருக்கும். யூரோவைத் தொடுங்கள்.

ரயில் தாமதமானால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் கேட்டு வாங்கலாம், ஊருக்கு வந்த பிறகும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.