ஆங்கிலத்தில் நம்மைத் தடுக்கிவிடும் இடங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (பாலக்கோடு, பிளஸ் டூ மாணவி): ஃபிரேசல் வெர்ப் (வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் தொடர்) பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் எல்லாம் குழம்பிவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: குழப்பத்திற்குக் காரணம் உங்கள் நினைவாற்றல் அன்று, பட்டியல் அமைந்திருக்கும் முறைதான். டேக் ஆஃப், டேக் ஓவர், டேக் அப், டேக் ஆஃப்டர் என்று ஒரே வினையின் கீழ் அடுக்கிப் படித்தால், முதற்சொல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் பொருள் மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். பின்னால் வரும் சிறு சொல்லை வைத்து வகைப்படுத்திப் பாருங்கள். ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப் ஆகிய மூன்றிலும் 'அப்' என்பது மிச்சமில்லாமல் முடித்துவிடுவதைக் குறிக்கிறது. எழுதிவிடு, எழுதிவை, எழுதிக்கொள், எழுதிப்பார் என்று நாம் பேசும்போதும் பின்னால் ஒட்டும் சொல்தானே பொருளைத் திருப்புகிறது? ஆனால் கிவ் அப் (கைவிடு), புட் அப் வித் (பொறுத்துக்கொள்) போன்றவை இந்தக் கணக்கிற்குள் அடங்கமாட்டா. அவற்றை முழுச் சொல்லாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, உங்கள் ஊர்த் தக்காளி மண்டியில் ஒரு நாள் நடப்பதை ஐந்தாறு வாக்கியங்களில் எழுதுங்கள். விடியுமுன் புறப்பட்டார்கள் என்பதற்கு 'தே செட் ஆஃப் பிஃபோர் டான்', விலை ஏறியது என்பதற்கு 'த பிரைஸ் வென்ட் அப்', கிரேடு (தக்காளி அடுக்கும் பெட்டி) தீர்ந்துவிட்டது என்பதற்கு 'வீ ரேன் அவுட் ஆஃப் கிரேட்ஸ்', தொப்பூர் கணவாயில் லாரி பழுதாகி நின்றது என்பதற்கு 'த லாரி புரோக் டவுன் அட் தொப்பூர்'. கண்ணால் கண்ட காரியத்தோடு சேர்ந்த சொல் எளிதில் மறக்காது.

கேள்வி (அரூர், டியூஷன் ஆசிரியர்): 'அதைத் தள்ளிவை' என்பதற்கு மாணவர்கள் 'புட் ஆஃப் இட்' என்று எழுதுகிறார்கள். இதை எப்படித் திருத்துவது?

பதில்: செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' ஆகிய இரண்டும் சரி. 'இட்', 'ஹெர்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: 'புட் இட் ஆஃப்'. ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாத வகை என்பதால் அங்கே 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதே சரி. எது பிரியும் என்பதை மாணவர்களுக்கான நல்ல அகராதிகள் காட்டிவிடுகின்றன. 'புட் சம்திங் ஆஃப்' என்று நடுவில் இடம்விட்டு அச்சிட்டிருந்தால் அது பிரியும் வகை. பெயர்ச்சொல் உள்ள வாக்கியத்தைக் கொடுத்து, அதைப் பிரதிப்பெயராக மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சி ஒன்றே இதற்குப் போதும். விதியை ஒப்பிக்கச் சொல்வதில் பயனில்லை.

கேள்வி (ஓசூர், தொழிற்சாலை சூப்பர்வைசர்): 'நாளை நீங்கள் வர வேண்டாம்' என்ற பொருளில், ஒரு ஊழியருக்கு 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் வருத்தப்பட்டுவிட்டார். என்ன தவறு?

பதில்: அவர் அதைத் தடையாக எடுத்துக்கொண்டார், வாக்கியத்தின் பொருளும் அதுவே. நமது 'வேண்டாம்' இரண்டு வேலை செய்கிறது. சில நேரம் தேவையில்லை என்றும், சில நேரம் கூடாது என்றும் அது பொருள்படும். எது என்பதைத் தொனியே காட்டிவிடும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் வடிவங்கள் வேறு. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடி, பரிசலில் போகக் கூடாது என்று அறிவித்தால் அது 'யூ மஸ்ட் நாட்'. விடுமுறை நாள் என்பதால் வரத் தேவையில்லை என்றால் அது 'யூ டோன்ட் ஹேவ் டு'. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுமுன் உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டு, 'கூடாது', 'தேவையில்லை' ஆகிய இரண்டில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்; சரியான வடிவம் தானே வந்து நிற்கும். இன்னொன்று: 'ஹேவ் டு' என்பதில் 'நாட்' இல்லாதபோது அது 'மஸ்ட்' என்பதற்கு ஏறக்குறைய இணையாகவே நிற்கிறது. எதிர்மறையில்தான் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 'மஸ்ட்' என்பதற்கு இறந்தகால வடிவமும் இல்லை. நேற்று வர வேண்டியிருந்தது என்பதற்கு 'ஹேட் டு' என்றே எழுத வேண்டும்.

கேள்வி (கிருஷ்ணகிரி, வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்): 'ஐ கேன் ஏபில் டு' என்பது ஏன் தவறு?

பதில்: 'கேன்' என்றாலே முடியும் என்று பொருள், 'ஏபில் டு' என்பதும் அதேதான். மேலும் 'கேன்', 'மஸ்ட்', 'மே' போன்ற மோடல் வெர்பிற்குப் பின் நேரடியாக வினையின் மூலவடிவமே வரும். 'ஐ கேன்' அல்லது 'ஐ ஆம் ஏபில் டு', இரண்டில் ஒன்று. ஒருமுறை முயன்று சாதித்ததைச் சொல்லும்போது, 'கேன்' என்பதன் இறந்தகால வடிவமான 'குட்' பொருந்தாது. பூட்டை ஒருவழியாகத் திறந்துவிட்டேன் என்பதற்கு 'ஐ வாஸ் ஏபில் டு ஓபன் த லாக்'. முடியவில்லை என்றால் 'குடன்ட்' தாராளமாக வரும்.

கேள்வி (பென்னாகரம், கல்லூரி மாணவர்): அப்ஸ்ட்ராக்ட் நவுன்களை (நேர்மை, அறிவுரை போலப் பண்பையும் கருத்தையும் குறிக்கும் பெயர்ச்சொற்களை) எளிதாகப் பழக வழி உண்டா?

பதில்: 'நெஸ்', 'மென்ட்', 'ஷன்', 'இட்டி' என்று விகுதி சேர்ப்பது சுலபம், நல்ல என்பதிலிருந்து நன்மையை நாம் ஆக்குவது போலத்தான். சிக்கல் பன்மையில் இருக்கிறது. அறிவுரைகள், தகவல்கள் என்று தமிழில் எழுதிய கை, 'அட்வைசஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்றும் எழுதிவிடும். அவை எண்ண இயலாதவை. எண்ண வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்க. பொதுவாகச் சொல்லும்போது முன்னால் 'த' வராது: 'ஹானஸ்டி இஸ் ரேர்'. ஒருவரின் நேர்மையைச் சுட்டிச் சொன்னால் வரும்: 'த ஹானஸ்டி ஆஃப் ஹிஸ் ரிப்ளை'.

கேள்வி (காவேரிப்பட்டினம், இல்லத்தரசி): என் மகனுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். 'மழை வரலாம்' என்பதற்கு 'மே' சரியா, 'மைட்' சரியா?

பதில்: இரண்டும் சரி. 'மைட்' சற்றே ஐயம் கூடியது என்பார்கள். அன்றாடப் பேச்சில் அந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் 'நீ போகலாம்' என்று அனுமதி தரும்போது 'யூ மே கோ' என்றோ 'யூ கேன் கோ' என்றோ சொல்ல வேண்டும், அங்கே 'மைட்' வராது. 'வா, போகலாம்' என்று அழைத்தால் அது 'லெட்ஸ் கோ'. ஒரே 'லாம்' மூன்று இடத்தில் மூன்றாக மாறுவதை இந்த வாக்கியங்களைக் கொண்டே மகனுக்குக் காட்டுங்கள்.