கசப்பு எண்ணெயும் தோல் நோயும்: வாசகர் கேள்விகள்

குழந்தைகளுக்கு வரும் கரப்பான் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே செய்தியைக் கேட்கின்றன: தோல் நோய்க்கு வேப்பெண்ணெய் போன்ற கசப்பும் காட்டமுமான எண்ணெய்களை உள்ளுக்குக் குடிக்கலாமா? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் ஆகிறது. கன்னத்திலும் தலையிலும் கரப்பான் வந்து நீர் கசிகிறது. வாரம் ஒருமுறை அரைச் சங்கு வேப்பெண்ணெய் புகட்டினால் இரத்தம் சுத்தமாகிப் படை உதிர்ந்துவிடும் என்று என் மாமியார் சொல்கிறார். தம் பிள்ளைகள் நால்வருக்கும் அப்படித்தான் கொடுத்தாராம். ஒருமுறை கொடுத்தும்விட்டோம். தொடரலாமா?
*வாசகி, ஒட்டன்சத்திரம்*

பதில்: தொடர வேண்டாம், சகோதரி. இந்தப் பதிலைப் படித்த கையோடு அந்தச் சங்கைக் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. அரைச் சங்கும் கூடாது, நான்கு சொட்டும் கூடாது. இவ்வளவு கண்டிப்பாக நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

நம்மவர்கள் குடியேறிய மலேசியாவிலும் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் உண்டு. அந்த எண்ணெயைக் குடித்த சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்து, மயக்கம் போலத் தூங்கி வழிந்து, மூச்சு வாங்கி, வலிப்பும் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பற்றி அந்நாட்டு மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இரத்தத்தில் அமிலம் ஏறி, கல்லீரலில் கொழுப்புப் படிந்து, மூளை வீங்கும் அந்த நிலை, ரேய் நோய் என்று மருத்துவர்கள் அழைக்கும் கொடிய நோயை அப்படியே ஒத்திருந்தது. உணவை ஆற்றலாக மாற்றும் நுண்ணுறுப்புகள் நம் உடலின் உயிரணுக்களுக்குள் இருக்கின்றன. வேப்பெண்ணெய் தாக்குவது அவற்றைத்தான். ஏழு மாதக் குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் தாக்குதலைத் தாங்கும் வலு கிடையாது.

இன்னொரு ஆபத்து புகட்டும் முறையிலேயே இருக்கிறது. கசப்பு நாக்கில் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுகிறது. பெரியவர் ஒருவர் மடியில் கிடத்திக் கால்களை இடுக்கிக்கொள்ள, இன்னொருவர் மூக்கைப் பிடித்துச் சங்கின் மூக்கை வாயோரத்தில் செருகி ஊற்றுகிறார். மூக்கு அடைபட்ட குழந்தை வாயால்தான் மூச்சை இழுத்தாக வேண்டும். அந்த மூச்சோடு எண்ணெயும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. தண்ணீர் புரையேறினால் உடனே இருமல் வரும், எண்ணெய் போனால் அந்த அளவுக்கு இருமலும் வருவதில்லை. உள்ளே தங்கிய எண்ணெய் நுரையீரலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்குகிறது. சளி என்று நினைத்து வாரக்கணக்கில் வைத்தியம் பார்த்த பிறகு, எடுத்த எக்ஸ்-ரேயைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எண்ணெய் ஏதும் புகட்டினீர்களா?’ என்று தாயிடம் நான் கேட்க நேர்ந்திருக்கிறது.

உங்கள் மாமியாரின் அக்கறையை நான் ஐயப்படவில்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவரிடம் ‘நீங்கள் செய்தது தவறு’ என்று சொல்லவும் வேண்டாம். ‘அத்தை, எண்ணெயை உடம்பில் பூசிக் குளிப்பாட்டுவோம், வாய்க்குள் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்’ என்று பழியை என்மேல் போட்டுவிடுங்கள். அவர் எண்ணெயின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இடம் தரவும் வழியுண்டு. நீர் கசிவு நின்ற பிறகு, குளிப்பாட்டிய ஈரம் முழுதும் காயும் முன் தேங்காய் எண்ணெயை மெல்லிதாகப் பூசுவது வறண்ட கரப்பான் தோலுக்கு நல்லது. அதை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். இப்போது நீர் கசிவதால் கிருமித்தொற்று இருக்கக்கூடும், ஆகவே இந்த வாரமே குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருமுறை எண்ணெய் புகட்டியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கரப்பான் கெட்ட இரத்தத்தால் வருவதன்று. தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் பலவீனமாக இருப்பதும், உடலின் எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறித் தூண்டப்படுவதுமே அதற்குக் காரணம். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பிறந்த நாள் முதல் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

கேள்வி: என் தாத்தாவுக்குத் தொழுநோய் இருந்தது. நீரடிமுத்து எண்ணெயைப் பாலில் விட்டுக் குடித்துக் குடித்து வாந்தி எடுப்பார் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மருந்துதானா, வெறும் நம்பிக்கையா? என் தம்பிக்கு முதுகில் வெளிர்ந்த தேமல் போல ஒன்று ஆறு மாதமாக இருக்கிறது. அரிப்பு இல்லை. அதே எண்ணெயைக் கொடுக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.
*வாசகர், ஆரணி*

பதில்: ஐயா, உங்கள் தாத்தா குடித்தது மருந்துதான். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் தொழுநோய்க்கு இருந்த ஒரே மருந்து என்றுகூடச் சொல்லலாம். நீரடிமுத்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் மரம். மலையாளிகள் மரோட்டி என்பார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு மரம் பர்மா, அசாம் காடுகளில் உண்டு. அதன் எண்ணெயைச் சால்முக்ரா என்பார்கள். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் நெடுங்காலமாகக் கையாண்ட இந்த எண்ணெயை 1854இல் கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஃபிரெடெரிக் மௌவட் எழுதிய பிறகு மேலை மருத்துவமும் ஏற்றுக்கொண்டது.

தொல்லை அதன் சுவையில் இருந்தது. நாக்கில் பட்டால் கார்ந்து, தொண்டையில் கமறி, வயிற்றைப் புரட்டும் அந்த எண்ணெயை வேண்டிய அளவுக்கு, வேண்டிய காலத்துக்குக் குடிக்க நோயாளிகளால் முடியவில்லை. பாதிப் பேர் வழியிலேயே விட்டுவிட்டார்கள். ஊசியாகப் போட்டாலோ, கெட்டியான எண்ணெய் தோலுக்கடியில் கரையாமல் கட்டி கட்டியாக நின்று சீழ் பிடித்தது. ஹவாய்த் தீவில் இருந்த ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பின வேதியியலாளர் 1915ஆம் ஆண்டு வாக்கில் எண்ணெயின் கொழுப்பமிலங்களைப் பிரித்து, உடல் ஏற்றுக்கொள்ளும் வடிவில் மாற்றி, ஊசிமருந்தாக்கும் வழியைக் கண்டார். மறு ஆண்டே, தம் 24ஆம் வயதில் அவர் இறந்துபோனார்; அவருடைய உழைப்பு பல ஆண்டுகள் கல்லூரித் தலைவரின் பெயரால் வழங்கியது. அவர் பெயரை இங்கே எழுதும் வாய்ப்புக் கிடைத்ததில் எனக்கு மனநிறைவு.

அந்த ஊசியும் எல்லாரையும் குணப்படுத்தவில்லை. 1940களில் தொழுநோய்க் கிருமியை அடக்கும் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. நம் செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவற்றைக் கொடுத்துப் பார்த்த பிறகு, எண்ணெய்க் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. 1980களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை நோயின் வகையைப் பொறுத்து 6 மாதத்திலோ 12 மாதத்திலோ தொழுநோயைக் குணமாக்குகிறது; ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் தாத்தாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்கள் தம்பிக்கு இருக்கிறது.

ஆகவே தம்பியின் முதுகை நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். வெளிர்ந்த படையில் அரிப்பு இல்லையென்றால், அங்கே உணர்ச்சி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி; உணர்ச்சி மரத்திருப்பது தொழுநோயின் அறிகுறி. அது சாதாரணத் தேமலாகவே இருக்கலாம், பார்த்தால் தெரிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த நெசவாளர் ஒருவர், முன்கையில் இருந்த இப்படியொரு படைக்கு இரண்டு ஆண்டுகள் விதவிதமான எண்ணெய்களைப் பூசியும் குடித்தும் பார்த்திருந்தார். சூடான டீ டம்ளரைப் பிடித்தது தெரியாமல் விரல் நுனி கொப்புளித்த பிறகுதான் வந்தார். அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கிவிட்டன. நோய் குணமானது. ஆனால் அறுந்த இழையை முடிச்சுப் போட அந்த விரல்கள் பழையபடி நிமிரவில்லை.

கேள்வி: காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) கருஞ்சீரக எண்ணெயைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மண்டலத்தில் குணமாகும் என்று கைப்பேசிக் காணொளிகளில் சொல்கிறார்கள். நான் ஏற்கெனவே இந்தப் படைக்காக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். அதை நிறுத்திவிடலாமா?
*வாசகர், தூத்துக்குடி*

பதில்: நிறுத்த வேண்டாம். காளாஞ்சகப்படை எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதால் வருவது. தானாகத் தணிந்து, தானாகத் திரும்பும் இயல்புடையது. தணியும் பருவத்தில் எதைக் குடித்தாலும் அதனால்தான் குணமானது என்று தோன்றும். அந்தக் காணொளிகளில் பேசுகிறவர்கள் பலர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார்கள். ஆனால் மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைக் கவனித்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மருந்து என்பதால், அதோடு எந்த எண்ணெயையும் நீங்களாகச் சேர்க்கக் கூடாது. கருஞ்சீரகம் இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது. அவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கேள்வி: நீங்கள் சித்த மருத்துவத்தையே மறுக்கிறீர்களா? நம் முன்னோர் கசப்பைத்தானே மருந்து என்றார்கள்?
*வாசகர், தென்காசி*

பதில்: மறுக்கவில்லை, ஐயா. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுவதைச் சிறுவயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வியப்போடு பார்த்தவன் நான். காளாஞ்சகப்படைக்கு அந்தத் தைலத்தைப் பூசி, செதில் உதிர்ந்து ஆறுதல் அடைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சித்தர் மரபு வெளிப்பூச்சுத் தைலங்களையும் உள்மருந்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவும் துணைமருந்தும் பத்தியமும் சொல்லியிருக்கிறது; நீரடிமுத்து, சேராங்கொட்டை போன்ற கடுஞ்சரக்குகளைச் சுத்தி செய்யாமல், அதாவது நச்சுத்தன்மையை நீக்காமல், சேர்க்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. பூசச் சொன்னதைக் குடிப்பதும், சுத்தி செய்யாமல் சேர்ப்பதும், சொட்டுக் கணக்கில் சொன்னதைக் கரண்டிக் கணக்கில் விடுவதும் அந்த மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கசப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செடிகளில் உள்ள நஞ்சுகள் பல கசக்கும் என்பதால்தான் நம் நாக்கு கசப்பைக் கண்டு சுளிக்கிறது. கசப்பதெல்லாம் நஞ்சும் அன்று, கசப்பதெல்லாம் மருந்தும் அன்று. கார்போகரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெண்புள்ளிக்குப் பயன்படும் அந்த விதையில் சூரிய ஒளியோடு சேர்ந்து வேலை செய்யும் பொருள் உண்மையிலேயே இருக்கிறது. அதே பொருள்தான் அளவு தவறினால் தோலைக் கொப்புளிக்க வைக்கிறது. உள்ளுக்கு எடுத்துக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. பெயரும் சரக்குப் பட்டியலும் இல்லாத புட்டியில் விற்கும் தைலத்தைத் தொடவே வேண்டாம். அதில் ஆர்செனிக் என்ற நஞ்சு அடங்கிய தாளகம் கலந்திருந்தால் அந்த ஆர்செனிக் உடலில் சேரும். நாள்பட்ட ஆர்செனிக் உள்ளங்கையில் முள் போன்ற தடிப்பையும், பின்னாளில் தோல் புற்றையும் தரும். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எழுதிக்கொடுத்து நீங்கள் உள்மருந்து எடுத்தால், தோல் மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க விரும்புவோரும் வேப்பெண்ணெயை உள்ளுக்கு எடுக்கக் கூடாது. கருவைக் கலைக்கும் தன்மை அதற்கு இருப்பது விலங்குச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

கேள்வி: குழந்தை தெரியாமல் எண்ணெயைக் குடித்துவிட்டால் என்ன செய்வது?
*வாசகி, கும்பகோணம்*

பதில்: தொண்டைக்குள் விரலை விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். முறிமருந்து என்று எதையும் புகட்டவும் வேண்டாம். வாயில் ஒட்டியிருப்பதைத் துணியால் துடைத்துவிட்டு, குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் அல்லது 108ஐ அழையுங்கள். நீலகிரித் தைலமும் கற்பூரம் கலந்த தைலமும் சிறிதளவே ஆனாலும் சில நிமிடங்களிலேயே வலிப்பை வரவழைக்கலாம். தூங்கி வழிந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எண்ணெய்ப் புட்டியை, காலியாக இருந்தாலும், கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் எப்போது குடித்தது என்பதும் அங்கே முதலில் கேட்கப்படும்.